நீங்க எந்த வெர்ட்டிக்கல்? உங்க சேமிப்பு எந்த வெர்ட்டிக்கல்?



கல்யாண வீட்டுப் பந்தியில பக்கத்துல உட்கார்ந்திருக்கிற மாமா, "ஐடி-ல என்ன வேலைப்பா பண்ற?"ன்னு கேட்டா என்ன சொல்வீங்க? "ரீட்டெயில் வெர்ட்டிக்கல்ல இருக்கேன் மாமா"ன்னு நான் சொல்லியிருக்கேன். அவரும் தலையாட்டிட்டு ரசம் வாங்கப் போயிட்டார். அவருக்குப் புரியல. உண்மையைச் சொன்னா எனக்கும் அப்போ முழுசா புரியல. புரிஞ்சது 2022-ல, கையைச் சுட்டுக்கிட்ட பிறகுதான்.

முதல்ல வார்த்தையைப் பார்ப்போம்

பள்ளிக்கூடத்துல வெர்ட்டிக்கல்னா செங்குத்து. கிராஃப் பேப்பர்ல கீழிருந்து மேல போற கோடு. இதோட வேர் லத்தீன் மொழியில 'வெர்டெக்ஸ்'. அதுக்கு உச்சந்தலை, உச்சின்னு அர்த்தம். "உச்சி வெயில்"னு சொல்றோமே, அதே மாதிரி தலைக்கு நேர் மேல இருக்கிறது.

ஆபீஸுக்குள்ள வந்ததும் அர்த்தம் மாறிடும். இங்க வெர்ட்டிக்கல்னா நம்ம கம்பெனி யாருக்காக வேலை செய்யுதோ அந்தத் தொழில் துறை. பேங்கிங் ஒரு வெர்ட்டிக்கல், ஹெல்த்கேர் ஒண்ணு, ரீட்டெயில் ஒண்ணு, டெலிகாம் ஒண்ணு. டெஸ்டிங், கிளவுட், டேட்டா மாதிரி எல்லாத் துறைக்கும் குறுக்கே போற வேலைகள் ஹாரிசான்ட்டல்.

பிசினஸ் செய்திகள்ல 'வெர்ட்டிக்கல் இன்டெக்ரேஷன்'னு வரும். ரிலையன்ஸ் துணியில ஆரம்பிச்சு, துணிக்கு வேண்டிய பாலியஸ்டர், அதுக்கு வேண்டிய பெட்ரோகெமிக்கல், அதுக்கும் பின்னாடி எண்ணெய் சுத்திகரிப்புன்னு போனது இதுக்குப் பிரபலமான உதாரணம்.

ஷேர் மார்க்கெட்ல 'வெர்ட்டிக்கல் ஸ்பிரெட்' இருக்கு. ஒரே எக்ஸ்பைரி, வேற வேற ஸ்டிரைக் பிரைஸ்ல ஒரு ஆப்ஷனை வாங்கி இன்னொண்ணை விற்கிறது. "நஷ்டத்துக்கு லிமிட் இருக்கு"ன்னு சொல்லி விற்பாங்க. லிமிட் இருக்கிறது உண்மைதான். ஆனா அந்த லிமிட் வரைக்கும் மாசாமாசம் நஷ்டப்படலாமே! 2022 நிதியாண்டுல இருந்து 2024 வரை மூணு வருஷத்துல, எஃப் அண்ட் ஓ பண்ணின தனிநபர்கள்ல 93% பேர் நஷ்டப்பட்டாங்கன்னு செபியே சொல்லியிருக்கு. சம்பளக்காரங்களுக்கு இது வேண்டாம்ங்கிறது என் கருத்து. அதோட விட்டுடறேன், இன்னிக்கு விஷயம் வேற.

நான் பண்ணின தப்பு

2021-ல ஐடி ஷேர்கள் ஏறிட்டே இருந்துச்சு. செப்டம்பர்ல மாசம் 10,000 ரூபாய் எஸ்ஐபி ஆரம்பிச்சேன். அதுல 7,000 ஐடி துறை ஃபண்டுக்கு. "நமக்குத் தெரிஞ்ச துறைதானே"ன்னு ஒரு தைரியம்.

2022-ல என்ன ஆச்சு? அந்த ஒரே வருஷத்துல நிஃப்டி ஐடி இண்டெக்ஸ் சுமார் கால் பங்கு இறங்குச்சு. அதே சமயத்துல எங்க கிளையன்ட் செலவைக் குறைச்சாங்க. எங்க டீம்ல பாதிப் பேர் பெஞ்ச், நானும் பெஞ்ச். வேரியபிள் பே வரல. சரியா அப்போதான் தங்கச்சிக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும். ஃபண்டை வித்தேன். போட்டது 84,000, கைக்கு வந்தது 69,000 சொச்சம்.

15,000 ரூபாய் போனது பெரிய விஷயம் இல்ல. எனக்கு உறைச்சது வேற. சம்பளம் எந்தக் காரணத்தால குறைஞ்சுதோ, அதே காரணத்தால சேமிப்பும் குறைஞ்சிருந்துச்சு. ஒத்தைக் கால்ல பந்தல் போட்டுட்டு, காத்தடிச்சதும் காத்தைத் திட்டினேன்.

உலகத்துலயே இதுக்குப் பெரிய பாடம் அமெரிக்காவோட என்ரான் கம்பெனி. ஊழியர்களோட ஓய்வுக்காலச் சேமிப்புல பாதிக்கு மேல அந்தக் கம்பெனி ஷேராவே இருந்துச்சு. 2000-ல 90 டாலர் வரை போன ஷேர், 2001 டிசம்பர்ல கம்பெனி திவால் ஆனப்போ ஒரு டாலருக்கும் கீழ. வேலையும் போச்சு, ஓய்வுக்காலப் பணமும் போச்சு, ரெண்டும் ஒரே நேரத்துல.

"தெரிஞ்ச துறையிலதானே போடணும்?"

நியாயமான கேள்விதான். ஆனா அந்தத் துறையில நீங்க ஏற்கனவே முதலீடு பண்ணிட்டீங்க. மாசம் 60,000 சம்பளம்னா, இன்க்ரிமென்ட்டே இல்லாட்டாலும் பத்து வருஷத்துக்கு 72 லட்சம். அவ்வளவும் அந்த ஒரு துறை நல்லா இருக்கும்ங்கிற நம்பிக்கையில நிக்குது. மிச்சம் பிடிக்கிற நாலு காசையும் அங்கேயே கொண்டுபோய் வைக்கணுமா?

இன்னொண்ணு, வேலை தெரியறது வேற, ஷேர் விலை தெரியறது வேற. எனக்கு பில்லிங் மாட்யூல் தெரியும். அடுத்த குவார்ட்டர்ல ஷேர் என்ன ஆகும்னு எங்க மேனேஜருக்கே தெரியாது.

இந்த வாரக் கடைசியில உட்கார்ந்து இதைப் பண்ணுங்க

1. ஒரு பேப்பர்ல மூணு வரி எழுதுங்க: என் கம்பெனி எந்தத் துறை, எங்க கிளையன்ட் எந்தத் துறை, அவங்க எந்த நாடு. இதுதான் உங்க உண்மையான வெர்ட்டிக்கல்.

2. உங்க மியூச்சுவல் ஃபண்டோட ஃபேக்ட்ஷீட்ல எந்தத் துறைக்கு எத்தனை சதவீதம்னு பாருங்க. துறை சார்ந்த ஃபண்டுன்னா குறைஞ்சது 80% அந்தத் துறையிலதான் போடணும்ங்கிறது செபி விதி. அது உங்க துறையா இருந்தா புதுசா போடுறதை நிறுத்துங்க. பேங்க்ல வேலை பார்க்கிறவங்க கூடுதல் கவனமா இருங்க. சாதாரண நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டுலயே மூணுல ஒரு பங்கு அளவுக்கு வங்கி, நிதி நிறுவனங்கள்தான். அதுக்கு மேல ஒரு பேங்கிங் ஃபண்டு உங்களுக்குத் தேவையே இல்ல.

3. கம்பெனி ஷேர் கொடுத்தா சந்தோஷமா வாங்கிக்கோங்க. ஆனா மொத்த சேமிப்புல 10%-க்கு மேல வளர விடாதீங்க. வரியைக் கணக்குப் போட்டுட்டு, மிச்சத்தை வித்து வேற இடத்துல போடுங்க. இது துரோகம் இல்ல!

4. ஆறு மாசச் செலவுக்கான பணம் எஃப்டி-யிலயோ லிக்விட் ஃபண்டுலயோ இருக்கட்டும். பிஎஃப் பணத்தைத் தொடாதீங்க. அதுல பெரும்பகுதி அரசு பத்திரம் மாதிரி கடன் பத்திரங்கள்ல இருக்கு. உங்க துறை இறங்கினாலும் அது இறங்காது.

5. ஆபீஸ் கொடுக்கிற மெடிக்கல் இன்ஷூரன்ஸும் வேலையோட சேர்ந்ததுதான். வேலை போனா அதுவும் போயிடும். சொந்தமா ஒரு பாலிசி எடுத்து வைங்க.

ஆபீஸ்ல ஒரே வெர்ட்டிக்கல்ல பத்து வருஷம் இருங்க, நல்லாக் கத்துக்கோங்க, லீட் ஆகுங்க. அது கேரியருக்கு நல்லது, நான் தடுக்கல. ஆனா பணத்தை மட்டும் பக்கவாட்டுல பரப்பி வைங்க. அடுத்த தடவை டவுன்ஹால்ல "நம்ம வெர்ட்டிக்கலுக்கு இந்த வருஷம் கொஞ்சம் கஷ்டம்"னு சொல்றப்போ, சம்பளத்தைப் பத்தி மட்டும் கவலைப்பட்டா போதும்.

அந்த மூணு வரியை இன்னிக்கே எழுதிடுங்க. ஃபேக்ட்ஷீட்டை எப்படிப் படிக்கிறதுன்னு அடுத்த வீடியோவுல ஒவ்வொரு வரியா பார்ப்போம்.