பிள்ளையின் செலவு பிச்சையன்று

கணவன், மனைவி என்னும் உறவு மணவிலக்கால் அற்றுப்போகலாம். தந்தை, தாய் என்னும் உறவை மணவிலக்கு அறுப்பதில்லை. இவ்வெளிய உண்மையை மறந்த பெற்றோர் கற்றோர் நடுவிலும் இருப்பது வெட்கக்கேடு.

“பிள்ளையைக் கண்ணில் காட்டாதவளுக்குப் பணம் எதற்கு?” என்கிறார் தந்தை. “பணம் தராதவருக்குப் பிள்ளையை ஏன் காட்டவேண்டும்?” என்கிறார் தாய். இருவர் வாதமும் ஒன்றே. பிள்ளை இங்கே ஈடு வைத்த நகை! வட்டி கட்டினால் மீட்கலாம், தவறினால் மூழ்கிப்போகும். பெற்ற மகவை அடகுக்கடைப் பொருளாக்கும் அறிவீனத்திற்குப் பாசம் என்று பெயர் சூட்டலாமா?

மலேசியாவில், முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்தது. பிள்ளை எவர் பொறுப்பில் வளரினும், அதன் உறையுள், உடை, உணவு, கல்வி ஆகியவற்றைத் தத்தம் வசதிக்கேற்ப ஏற்பது பெற்றோர் கடமை என்கிறது அதன் 92ஆம் பிரிவு. தந்தைக்கு மட்டும் என்று அது கூறவில்லை. பிள்ளையைப் பார்க்க விட்டால் மட்டும் என்றும் கூறவில்லை.

முன்னர், உடற்குறையோ மனக்குறையோ உள்ள பிள்ளைகள் நீங்கலாக, பராமரிப்பு ஆணை 18 வயதோடு முடிந்தது. உயர்கல்வி அவ்விலக்கில் அடங்காது எனக் கூட்டரசு நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. பல்கலைக்கழக வாயிலில் பிள்ளை கைவிடப்படும் அந்நிலை, 2018 டிசம்பர் 15இல் நடப்புக்கு வந்த திருத்தத்தால்தான் மாறியது. உயர்கல்வியோ தொழிற்பயிற்சியோ முடியும்வரை ஆணை நீளலாயிற்று. சட்டம் வளர்ந்துவிட்டது, மனம் வளர்ந்ததா?

மாதம் ஒரு தொகையை வீசியெறிந்தால் கடமை தீர்ந்தது என்பாரும் உளர். பள்ளிப் பேருந்துக் கட்டணம் மாதந்தோறும் வரும்; சீருடையும் காலணியும் ஆண்டுத் தொடக்கத்தில் வரும்; காய்ச்சலும் பல்வலியும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. இம்மூவகைச் செலவையும் முன்கூட்டியே எழுதிவைத்து, பங்கை வரையறுத்து, வங்கி வழியே செலுத்தி, பற்றுச்சீட்டைக் காத்தல் வேண்டும். சரிபாதிதான் நீதி என்பதும் பிழை. ஒருவர் 6,000 வெள்ளியும் மற்றவர் 2,000 வெள்ளியும் ஈட்டினால், 800 வெள்ளிச் செலவில் 600ம் 200ம் என்பதே நேர்மை. கணக்குக் கேட்பது அவமதிப்பன்று. கணக்குக் கேட்டே காலம் கடத்துவது வஞ்சகம்.

நீதிமன்றப் படியேறுவது மானக்கேடு என்போர், பட்டினி கிடக்கும் பிள்ளையின் மானத்தை எண்ணுவதில்லை. ஆணையை மீறுவோரின் சம்பளத்திலிருந்தே பிடித்தம் செய்ய 1968ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று வழி வகுத்துள்ளது. உரிமையைக் கேட்பது இழிவன்று. உரிமையை மறுப்பதே இழிவு.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. “கட்டணம் எங்கே?” என்று வகுப்பறையில் பலர் நடுவே கேட்கும் கேள்வி, பெற்றோரின் வழக்கைப் பிள்ளையின் தலையில் சுமத்துகிறது. கேட்கவேண்டியவர் பெற்றோர், அதுவும் தனியே. நாளை பெற்றோராகப்போகும் மாணவரும் இதனை இன்றே உணர்தல் வேண்டும்: பிள்ளையின் சோறும் நூலும் தாய்க்குத் தந்தை இடும் பிச்சையல்ல, தந்தைமேல் தாய் விதிக்கும் தண்டமுமல்ல. அவை பிள்ளையின் சொத்து.