டெலிபோனில் பல் பிடுங்கலாமா?

பல்வலிக்காரனுக்கு இரவு என்று ஒன்றைக் கடவுள் எதற்காகப் படைத்தார் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு. பகலெல்லாம் சாதுவாக இருந்த பல், ஊர் அடங்கி, போத்தனூர் ஜங்ஷனில் கூட்ஸ் வண்டி ஊதுகிற நேரம் பார்த்துத் துடிக்கத் தொடங்கும். இதற்குக் காரணம் உண்டு என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். பல்லின் நடுவே கூழ் போன்ற சதை இருக்கிறது. நரம்பும் ரத்தக் குழாயும் அதில்தான். அது வீங்கினால் நகர்ந்துகொள்ள இடமில்லை. நாலு புறமும் கல் போன்ற சுவர். படுத்ததும் தலைக்கு ரத்தம் அதிகமாகப் பாய்கிறது. அப்புறம் சம்மட்டி அடிதான்.

இந்த அவஸ்தைக்கு இப்போது புதிதாக ஒரு மருந்து சொல்கிறார்கள். அதன் பெயர் டெலிபோன்.

எங்கள் தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இந்த மருந்தின் பரம பக்தர். நான் பல்லைக் காட்ட டவுனுக்குப் பஸ் ஏறியதைக் கேட்டுச் சிரித்தார்.

“ஏனுங்க, இதுக்குப் போயி அரை நாளை வீணாக்குவாங்களா? எனக்குக் கடவாப் பல்லு நாலு நாளா உசிரை எடுத்துதுங்க. போன்லயே டாக்டருகிட்டச் சொன்னேன். மாத்திரை பேரு சொன்னாரு. ரெண்டே நாள்ல வலி இருந்த எடம் தெரியலீங்க.”

வாஸ்தவம்தான், வலி போய்விட்டது. ஏன் போயிற்று? பல்லுக்குள்ளிருந்த நரம்பு செத்துப்போயிற்று. செத்த நரம்பு அழாது. வீட்டில் குழந்தை அழுகையை நிறுத்தியதும் நோய் தீர்ந்தது என்று நினைத்துக்கொள்ளும் தாய் உண்டா? பல் விஷயத்தில் மட்டும் நாம் எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறோம். மூன்று வாரம் கழித்து நண்பருக்குத் தாடைக்கு அடியில் வீங்கிற்று. வாய் திறக்கவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை. நடு ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். கழுத்தில் கீறிச் சீழை எடுத்தார்கள். கீழ்க் கடவாய்ப் பல்லிலிருந்து சீழ் நாக்கின் அடிக்கு இறங்கி மூச்சையே அடைத்துவிடும் இந்த வியாதியை லுட்விக் என்ற ஜெர்மன் வைத்தியர் 1836லேயே விவரித்துவிட்டார். நமக்கு அது 2 நாள் மாத்திரையில் மறந்துபோகிறது.

மாத்திரை என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். வீக்கமோ காய்ச்சலோ இல்லாத வெறும் பல்வலிக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் வேண்டாம், பல்லைத்தான் கவனிக்க வேண்டும் என்று அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2019ல் வழிகாட்டியது. நம் ஊரிலோ பல்லைத் தவிர மற்றதையெல்லாம் கவனிக்கிறோம். சிலர் ஆஸ்பிரினை ஈறில் ஒதுக்கிக்கொண்டு ஈறையும் புண்ணாக்கிக்கொள்கிறார்கள்.

என்னைப் பத்தாம்பசலி என்று வாசகர்கள் முடிவுகட்டிவிட வேண்டாம். 2020 மார்ச் 25ந் தேதி தேசமே கதவைச் சாத்திக்கொண்டது. பல் துளைக்கும் கருவி கிளப்பும் நீர்த்துளியில் தொற்று பரவும் என்று பல் வைத்தியசாலைகள் அடைபட்டுக் கிடந்தன. அன்றைக்கு டெலிபோனில் பேசிய டாக்டர்களுக்கு நான் கை கூப்புகிறேன். தொலைதூர வைத்தியத்துக்கான மத்திய அரசின் விதிகள் வந்ததும் அதே 25ந் தேதிதான். ஆனால் அந்த விதிகளை யாராவது படித்தார்களா? முதல் தடவையாகக் குரலை மட்டும் கேட்டுப் பார்க்கும் நோயாளிக்குப் பாராசிட்டமால் போன்ற சாதாரண மருந்துகளைத்தான் எழுதலாம். நேரில் சோதிக்க வேண்டுமென்று தோன்றினால் வரச்சொல்ல வேண்டும். நான் சொல்வதும் இவ்வளவுதான்.

குரலைக் கேட்டு எந்தப் பல் என்று சொல்ல முடியுமா? நோயாளிக்கே தெரியாதே! கீழ்ப் பல்லின் வலி காதில் குத்தும். மூக்கை ஒட்டிய எலும்பறையில் சளி கட்டினால் மேல் பல் வலிக்கும். மாரடைப்புகூடச் சில சமயம் தாடை வலியாக வேஷம் போட்டுக்கொண்டு வரும். தட்டிப் பார்க்க வேண்டும், குளிர்ச்சி வைத்துப் பார்க்க வேண்டும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இதற்கெல்லாம் கையும் விளக்கும் நாற்காலியும் வேண்டும்.

எங்கள் போத்தனூரில் ரயில்வேயின் சிக்னல், தொலைத்தொடர்புப் பட்டறை இருக்கிறது. அங்கே வேலை செய்பவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்: சிக்னல் வழி காட்டும், வண்டியை இழுக்காது.

இ-சஞ்ஜீவனி என்ற சர்க்கார் சேவையில் 2023 பிப்ரவரிக்குள் 10 கோடி ஆலோசனைகள் நடந்துவிட்டன. சந்தோஷம். “வீங்கியிருக்கிறதா? வாய் திறக்கிறதா? உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு” என்று ஒருவனை விரட்டினால் அந்த டெலிபோனுக்குக் கோவில் கட்டலாம். ஆனால் மில்லில் ஷிப்டு முடிந்து ஆறு மணிக்கு வெளியே வருகிறவன் எங்கே ஓடுவான்? அவன் போய் உட்கார மாலையில் திறந்திருக்கும் ஒரு தர்ம ஆஸ்பத்திரிப் பல் நாற்காலி பக்கத்தில் எங்கே இருக்கிறது? ஒரு நாள் கூலியை இழக்க மனமில்லாமல்தான் அவன் போனை எடுக்கிறான். அவனுக்கு நாற்காலி தராமல் மாத்திரையின் பெயரை மட்டும் தருவதை வைத்தியம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

சென்ற வாரம் லேத் பட்டறை நண்பரின் சம்சாரத்துக்குப் பல்வலி. மறுபடியும் போன் செய்தாராம். எனக்குப் பகீரென்றது.

“திரும்பவுமா? எதுக்குங்க போன் பண்ணினீங்க?” என்றேன்.

“டாக்டரு எத்தனை மணி வரைக்கும் இருப்பாருன்னு கேக்கத்தானுங்க” என்றார், கழுத்துத் தழும்பைத் தடவிக்கொண்டே.