முதுகெலும்பும் ஃபகீரும்

இறம்பொடைப் பக்கத்துத் தாய்மார் கழுத்து வலியென்று எக்ஸ்ரே எடுத்து வந்தால், டாக்டரின் துண்டில் பல வேளை ‘ஸ்பொண்டிலோசிஸ்’ என்றிருக்கும். பெயரைக் கேட்டதுமே பாதி உயிர் போய்விடுகிறது.

பெயரில் பயங்கரம் ஒன்றுமில்லை, சகோதரிகளே! ‘ஸ்பொண்டிலோஸ்’ என்றால் கிரேக்க மொழியில் முள்ளெலும்பு. ‘ஓசிஸ்’ என்பது ஒரு நிலைமை. சொல்லின் வாலில் ‘ஐட்டிஸ்’ என்று வந்தால்தான் அழற்சி. அது வேறு நோய், இள வயதினருக்கும் வரும். ‘லிஸ்தீசிஸ்’ என்றால் ஓர் எலும்பு மற்றதன் மேல் வழுக்கியிருக்கிறது. ஆகவே வாலையும் சரியாகக் கேட்டு வாருங்கள்.

முள்ளெலும்புகளுக்கிடையே மெத்தை போன்ற வட்டுகளை அல்லாஹ் வைத்திருக்கிறான். வயது ஏற ஏற அவற்றில் நீர் வற்றும், மெத்தை தட்டையாகும், எலும்பின் ஓரங்களில் சிறு முளைகள் கிளம்பும். 60 வயதைத் தாண்டியோரில் பெரும்பாலோருக்கு இது எக்ஸ்ரேயில் தெரியும். பலருக்கு வலியே இராது. ஆனால் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, மழையிலும் பனியிலும் கொழுந்து சுமந்த நம் அயல்வீட்டுப் பெண்களின் கழுத்தைக் கேட்கவா வேண்டும்!

அரபியில் முள்ளெலும்புக்கு ‘ஃபிக்ரா’ என்று பெயர். ‘ஃபகீர்’ என்ற சொல்லும் அதே வேர்தான். வறுமை எவனுடைய முதுகெலும்பை முறித்துவிட்டதோ அவனே ஃபகீர் என்று அகராதி அறிஞர்கள் விளக்குவர். அல்கியாமா சூராவின் 25ஆம் வசனத்தில் வரும் ‘ஃபாகிரா’, முதுகை முறிக்கும் பேராபத்து. அலி (ரலி) அவர்களின் துல்ஃபிகார் வாளுக்கும், முள்ளெலும்பு வரிசை போன்ற பள்ளங்கள் அதில் இருந்ததால் அப்பெயர் வந்தது என்பர். (மாணவர்களுக்கு வாள் மட்டுந்தான் ஞாபகமிருக்கும்!)

நாற்காலியில் தொழும் உம்மாமாரைப் பார்த்து ‘சோம்பல்’ என்று முணுமுணுக்கும் வீடுகள் இருக்கின்றன. மூல நோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) கேட்டபோது, நிற்க இயலாதவர் இருந்தும், அதுவும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் வழி காட்டியது புகாரியில் இருக்கிறது. குனிய முடியாதவர் ருகூஉக்குத் தலையைச் சற்றுச் சாய்த்து, ஸுஜூதுக்கு இயன்றளவு இன்னும் தாழ்த்தினால் போதும். நிற்க முடிந்தவர் மட்டும் நிலையை விடக் கூடாது.

கை மரத்துப் பிடித்த பாத்திரம் நழுவினால், நடை தள்ளாடினால், சிறுநீர் கட்டுப்படாமல் போனால் நரம்பு நெரிபடுகிறது என்று அஞ்ச வேண்டும். கடைசியாகச் சொன்னதை வெட்கத்தால் மகளிடங்கூட மறைக்கிறார்கள். நீங்களே கேளுங்கள். எண்ணெய் தடவி, கழுத்தை முறித்து எடுப்பவரிடம் கொடுத்து நாள் கடத்தாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.