கம்ப்யூட்டர் கேப்பும் கடைவாய்ப் பல்லும்

கால்சாவுல மாடி வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணா கேட்டார்: "தம்பி, கம்ப்யூட்டர்ல செய்த கேப்தானே, ஏன் பொருந்தேல்லை?" ஈறு ஓரம் நாக்குல இடறுதாம். காசு முழுக்கக் கட்டியாச்சு.

1985ல ஜூரிக்ல மோர்மன் 'செரெக்' மெஷினை முதல் நோயாளிகிட்ட பயன்படுத்தினார். அன்னைலேருந்தே திரையில எல்லாம் கச்சிதம்தான் மக்களே. சிக்கல் கடையுற ஊசியில. பல் விளிம்பு ஊசி முனையைவிடக் கூரா இருந்தா, கேப்போட உள்மூலையை அப்படியே கடைய முடியாது. மென்பொருள் அங்கே கூடுதலாக் குடைஞ்சிடும். ஸிர்கோனியான்னா இன்னும் கூத்து: பெரிசாக் கடைஞ்சு, சூளையில சுட்டா இருபது சதவீதம் போல சுருங்கும்.

120 மைக்ரான் இடைவெளி வரை பரவாயில்லைன்னு 1971ல மெக்லீனும் வான் ஃப்ரான்ஹோஃபரும் எழுதினதுதான் இன்னமும் அளவுகோல். கிருமியோ ஒரு மைக்ரான். அதுக்கு இது நாலுவழிச் சாலை!

அதனால பல்லைச் செதுக்கும்போதே விளிம்பை மழுக்கணும், ஒட்டுறதுக்கு முன்னாடி போட்டுப் பாக்கணும். அண்ணாவுக்கு ஒட்டியாச்சு. இனி அறுத்துத்தான் எடுக்கணும்.