தண்ணீர்க் கட்டணத்துக்கும் கணக்குக் காட்டட்டும்

மின்சாரக் கட்டணம் உயரப் போகிறது என்றால் நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. மின்துறை தனது வரவு செலவைக் கணக்கிட்டு, கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் உரிய இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடம் மனு செய்கிறது. செய்தித்தாளில் அறிவிப்பு வருகிறது. ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. அங்கே எழுந்து நின்று ஆட்சேபணை சொல்ல, பெட்டிக்கடைக்காரருக்கும் உரிமை உண்டு. அதன் பிறகே ஆணை பிறக்கிறது.

தண்ணீர்க் கட்டணமும் கழிவுநீர்க் கட்டணமும் அப்படியல்ல. நகரப் பகுதியில் குடிநீர் வழங்குவதும் பாதாள சாக்கடையைப் பராமரிப்பதும் பொதுப்பணித்துறை. அதன் கட்டணத்தை அலசிப் பார்க்க ஆணையம் எதுவும் இங்கே கிடையாது. செலவு செய்வதும் அரசு. விலை வைப்பதும் அரசு. சரக்கு விற்பவரே தராசுக்கு முத்திரை குத்திக் கொள்வதைப் போன்றது இது. எந்த வணிகராவது இதை ஒப்புக் கொள்வாரா?

நகராட்சி மன்றத்தில் கேட்கலாமே என்பார்கள். நமது ஊரில் 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து, 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011-ல் முடிந்தது. அதற்குப் பிறகு நகராட்சிகள் அதிகாரிகள் கையில்தான் இருந்து வந்திருக்கின்றன. வார்டு உறுப்பினரும் இல்லை, ஒழுங்குமுறை ஆணையமும் இல்லை என்றால் கடைக்காரர் யாரிடம் போய் முறையிடுவது?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கட்டணமே கூடாது, உயர்வே கூடாது என்பது நமது வாதம் அல்ல. தண்ணீருக்குச் செலவு உண்டு. நமது நகரம் நிலத்தடி நீரையே நம்பியிருக்கிறது. கடலோரப் பகுதியில் நிலத்தடி நீரில் உப்பு ஏறுவதை நாம் கண்ணால் பார்க்கிறோம். 2002-லேயே நிலத்தடி நீர் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது இதனால்தான். இனி தள்ளித் தள்ளிப் போய் கிணறு தோண்டி, நீண்ட தூரம் குழாய் போட்டு நீரைக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பணம் வேண்டும்.

கழிவுநீர் விஷயம் இன்னும் கடுமையானது. 2024 ஜூன் 11 அன்று ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாள சாக்கடையிலிருந்து கிளம்பிய விஷவாயு கழிவறை வழியாக வீடுகளுக்குள் புகுந்து, ஒரு சிறுமி உட்பட மூன்று பேர் உயிரிழந்தார்கள். சொந்த வீட்டில், சொந்தக் கழிவறையில் நேர்ந்த சாவு அது. சாக்கடையைச் சரியாகப் பராமரிக்க நான்கு காசு கூடுதலாக வேண்டுமென்றால் தர மாட்டேன் என்று சொல்லும் வணிகர் நம்மில் யாரும் இல்லை. ஆனால் தருகிற காசு அந்தக் குழாய்க்குத்தான் போகிறது என்பதற்கு என்ன சாட்சி? அதைத்தான் கேட்கிறோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தது சும்மா இல்லை.

கட்டணத்தை ஏற்றாமல் வைத்திருப்பதே நல்லது என்று நினைப்பவர்கள் பெங்களூரைப் பார்க்க வேண்டும். அங்கே 2014-ல் ஏற்றிய கட்டணத்தைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடவே இல்லை. 2025 ஏப்ரலில் ஏற்றினார்கள். இனி ஆண்டுதோறும் 3 விழுக்காடு ஏறும் என்றும் அறிவித்தார்கள். தேர்தலுக்குத் தேர்தல் தள்ளிப் போடுகிற பாக்கி, ஒரு நாள் வட்டியோடு வந்து நிற்கும். கடன் கொடுத்து வாங்குகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆணையம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 1989-ல் தண்ணீரைத் தனியாரிடம் கொடுத்தபோதே ஒழுங்குமுறை அமைப்பையும் வைத்தார்கள். 2024 டிசம்பரில் அது, ஐந்தாண்டுகளில் சராசரியாக 36 விழுக்காடு உயர்வுக்கு அனுமதி கொடுத்தது. லண்டனுக்குத் தண்ணீர் தரும் தேம்ஸ் வாட்டர் கேட்டது 53 விழுக்காடு, கிடைத்தது 35. கேட்டதை வெட்டினார்கள் என்பது உண்மை. ஆனால் அதற்கு முன் பல ஆண்டுகளாகக் கம்பெனிகள் கடனை ஏற்றிக் கொண்டு, பங்குதாரருக்கு லாபம் கொடுத்து, ஆற்றில் சாக்கடையையும் விட்டபோது அந்த அமைப்பு என்ன செய்தது என்று மக்கள் கேட்டார்கள். 2025 ஜூலையில் அதைக் கலைத்துவிட்டுப் புதிய அமைப்பு கொண்டுவரப் போவதாக அந்நாட்டு அரசே அறிவித்தது. காவல்காரனை வைத்தால் போதாது. அவன் விழித்திருக்கிறானா என்றும் பார்க்க வேண்டும்.

இந்தியாவிலும் இது புதிய யோசனை அல்ல. மகாராஷ்டிரத்தில் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீர்வள ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தது. மாநிலம்தோறும் சட்டப்படியான தனி அமைப்பு, சம்பந்தப்பட்ட எல்லோரையும் கேட்டு நீர்க் கட்டணத்தை நிர்ணயிக்க வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் தேசிய நீர்க் கொள்கை கூறுகிறது. நமது சிறிய பிரதேசத்துக்குத் தனி ஆணையம் செலவு அதிகம் என்றால், மின்சாரத்துக்கு உள்ளது போல் மற்றப் பிரதேசங்களோடு சேர்ந்து ஒன்றை அமைக்கலாம். அதுவரை, அரசாணைக்கு முன் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டமாவது நடத்தலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

அந்தக் கூட்டத்தில் நாம் கேட்க வேண்டியவை இவை:

1. மோட்டாருக்கு மின்சாரம், சம்பளம், குளோரின், பழுதுபார்ப்பு, கடனுக்கு வட்டி என்று செலவைப் பிரித்துக் காட்ட வேண்டும்.

2. இறைக்கும் தண்ணீரில் பில் போடப்படுவது எவ்வளவு, வழியில் ஒழுகுவது எவ்வளவு? நமது கடையில் மூட்டையை எலி கடித்தால் அந்தச் சேதாரம் நம் தலையில்தான் விழுகிறது. குழாய் ஒழுகும் சேதாரத்தை மட்டும் வாடிக்கையாளர் தலையில் கட்டலாமா?

3. பழைய பாக்கி எவ்வளவு? அதில் அரசு அலுவலகங்களின் பாக்கி எவ்வளவு?

4. வணிக இணைப்பு என்று எல்லோரையும் ஒரே தட்டில் நிறுக்கக் கூடாது. கை கழுவவும் குடிக்கவும் ஒரு குழாய் வைத்திருக்கும் மளிகைக்கடை வேறு. நாற்பது அறை லாட்ஜ் வேறு.

5. வீடுகளுக்குச் சலுகை கொடுப்பது நல்லதே. ஆனால் அது அரசுக் கருவூலத்திலிருந்து வர வேண்டும். கடைக்காரர் பில்லிலிருந்து அல்ல. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 65-ஆவது பிரிவில், மானியம் தரும் அரசு அந்தத் தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்கிறது. தண்ணீருக்கும் அதே நியாயம்தான்.

6. உயர்வுக்குப் பதிலாக என்ன கிடைக்கும்? எத்தனை மணி நேரம் தண்ணீர், சாக்கடை அடைத்தால் எத்தனை நாளில் சரி செய்வார்கள் என்பதை எழுத்தில் தர வேண்டும்.

இனி நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஜூனில் மின் கட்டணம் ஏறியது. செப்டம்பர் 18 அன்று அதை எதிர்த்து எதிர்க்கட்சிகள் அழைப்பு விடுத்த முழு அடைப்பில் கடைகளைச் சாத்தினோம். ஒரு நாள் வியாபாரம் போயிற்று. ஆனால் ஆணை வருவதற்கு முன் ஆணையம் கருத்துக் கேட்டபோது நம்மில் எத்தனை பேர் எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுத்தோம்? நெஞ்சில் கை வைத்துச் சொல்ல வேண்டும். வாய்ப்பு இருந்த இடத்தில் பேசாமல் இருந்துவிட்டு, வாய்ப்பே இல்லாத தண்ணீர் விஷயத்தில் வாய்ப்புக் கேட்டால் யார் மதிப்பார்கள்?

சட்டமன்றத்துக்குப் பக்கத்தில், பாரதி பூங்காவின் நடுவே ஆயி மண்டபம் நிற்கிறது. தன் மாளிகையை இடித்துவிட்டு அங்கே ஊருக்குக் குளம் வெட்டினாள் ஆயி என்பது கதை. முத்திரப்பாளையத்து நீர் நகருக்கு வந்த நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுக்காரர்கள் எழுப்பிய மண்டபம் அது. தண்ணீர் கொடுத்தவளுக்கு மண்டபம் கட்டிய ஊர், தண்ணீருக்குக் கணக்குக் கேட்கவும் தெரிந்த ஊராக இருக்க வேண்டும்.

எனவே, உறுப்பினர்கள் தங்கள் கடையின் ஓராண்டுத் தண்ணீர் பில்களையும் கழிவுநீர் பில்களையும் கம்பியிலிருந்து எடுத்து நகல் செய்து வைத்துக் கொள்ளுமாறு கேட்டுக் கொள்கிறோம். நாளை கூட்டம் நடந்தால் கோஷத்தோடு போக வேண்டாம், கணக்கோடு போவோம். வணிகனின் குரல் பேரேட்டிலிருந்து வரும்போதுதான் அரசின் காதில் விழும்.