கல்லாவில் உட்கார்ந்தவன் கல்லாதவனா?

 

பிளஸ் டூ தேறிய கையோடு அத்தாவின் கடைக் கல்லாவில் உட்கார்ந்துவிட்டாய். "கடையைப் பார்க்க வேறு ஆளில்லை" என்கிறாய். உண்மைதான். குஜிலியம்பாறையிலிருந்து திண்டுக்கல்லுக்கோ கரூருக்கோ பஸ் ஏறிக் கல்லூரி போய்வந்தால் பகல் பொழுது போய்விடும். அதற்காகப் படிப்பையே குழிதோண்டிப் புதைப்பதா?

முன்னணிக் கல்லூரிகளின் இளநிலை மாணவர்களில் 25 பேருக்கு ஒருவர்தான் முஸ்லிம், முதுநிலையில் 50 பேருக்கு ஒருவர் என்று 2006-ல் சச்சார் குழு சொன்னபோது கொதித்தோம். தெருவில் இறங்கிப் போராடினோம். 2007-ல் தமிழகத்தில் 3.5 சதவீத இடஒதுக்கீடு கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் விண்ணப்பமே போடாத வீட்டுக்கு இடஒதுக்கீடு என்ன செய்யும்?

இன்று வாசல் வேறு பக்கமும் திறந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பில் சேர ஜே.இ.இ. கட்டாயமில்லை. வாராவாரம் பாடம் கணினியில். தேர்வு மட்டும் மையத்தில் நேரில். மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் பாடம் கேட்கக் கட்டணமில்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே பணம். அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022-ல் யு.ஜி.சி.யும் அறிவித்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. 10, 12 முடிக்காமல் நேரே டிகிரி வாங்கித் தருகிறேன் என்பவனிடம் ஏமாறாதே! அப்படி வாங்கிய திறந்தநிலைப் பட்டம் தமிழக அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009-லேயே அரசாணை இருக்கிறது. பள்ளியைப் பாதியில் விட்ட தம்பிகள் முதலில் தனித்தேர்வராக அந்தத் தேர்வுகளை எழுதட்டும்.

வியாபாரப் பெருமக்களே! செல்போனைக் கையில் கொடுத்துப் 'படி' என்றால் பையன் கிரிக்கெட்தான் பார்ப்பான். தனியாகப் படிப்பவன் பாதியில் சோர்ந்துவிடுவான். இஷாவுக்குப் பின் மதரஸா கூடம் பூட்டித்தானே கிடக்கிறது? இரண்டு கணினி, ஒரு இணைய இணைப்பு போடுங்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து உட்காரட்டும். வாரம் ஒருநாள் நல்ல ஆசிரியர் ஒருவரை, எந்த மதத்தவராயினும் சரி, சம்பளம் கொடுத்து அழையுங்கள். நம் பெண்மக்களுக்குக் காலையில் தனி நேரம் ஒதுக்குங்கள்.

"மதரஸாவில் கம்ப்யூட்டரா? ஃபித்னா!" என்று சில ஹஜ்ரத்மார்கள் முகம் சுளிப்பார்கள். நானும் மதரஸாவில் ஓதியவன்தான். பத்ரில் பிடிபட்ட கைதிகளில் எழுதத் தெரிந்தவர்கள் மதீனாச் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்ததை அங்கேதான் படித்தேன். எதிரியிடமே கற்கலாம் என்றால் திரையில் கற்கக்கூடாதா?

ஒரு வலீமாவில் பிரியாணியோடு வைக்கும் மற்ற அயிட்டங்களைக் குறைத்தாலே இதற்கான பணம் வந்துவிடும். வரும் ஜும்ஆ முடிந்ததும் ஜமாஅத் நிர்வாகிகளைப் பாருங்கள். கூடத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.