வரியில்லா மூட்டைக்குள் ஒளிந்திருக்கும் வரி

ஆரணியில் எங்கள் அரிசி மண்டியிலிருந்து ஒரே பொன்னி இரண்டு விதமாக வெளியே போகிறது. 26 கிலோ மூட்டைக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதையே பத்து கிலோ பையில் போட்டு லேபிள் ஒட்டினால் 5 சதவீதம். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பைகளுக்கு வரி என்றார்கள். பிறகுதான் 26 கிலோ மூட்டை ஊரெங்கும் பெருகியது. ஒரு கிலோவில் தப்பிக்கிற சாமர்த்தியம்!

அரிசி போடும் பத்து கிலோ பைகள் வாங்கக் கட்டிய வரியை முழுதாக இன்புட் எடுக்கலாம், அதாவது நாங்கள் அரசுக்குக் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். 26 கிலோ சாக்குக்குக் கட்டியதைத் தொடக்கூடாது. இதில் எனக்குச் சண்டையில்லை. வரி வசூலித்துக் கட்டாத சரக்குக்கு இன்புட் கேட்பது நியாயமில்லைதான். இரண்டுக்கும் பொதுவான கடை வாடகை, கம்ப்யூட்டர், ஆடிட்டர் கட்டணம் இவைதான் தலைவலி.

முதல் வருஷம் விவரம் தெரியாமல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். “அண்ணா, பொதுச் செலவுல முக்காவாசி நமக்கு இல்ல. வட்டியோட திருப்பிக் கட்டணும்” என்றார் ஆடிட்டர். வட்டி 18 சதவீதம்.

ஜிஎஸ்டி விதி 42 சொல்லும் கணக்கு இதுதான். மாத விற்பனை 48 லட்சம். அதில் 36 லட்சம் வரியில்லாதது. வாடகை 50,000 ரூபாய்க்கு வரி 9,000. அதில் முக்கால் பங்கு 6,750 ரூபாயை ரிவர்ஸ் செய்து திருப்பிக் கொடுக்க வேண்டும். எனக்கு நிற்பது 2,250. அடுத்த மாதம் விகிதம் மாறும், கணக்கும் மாறும். இரண்டுக்கும் பொதுவாக எடை மேடை வாங்கினால் அதன் வரியை 60 மாதங்களாகப் பிரித்து இதே கூத்து. வருஷம் முடிந்ததும் பொதுச் செலவுக் கணக்கை மறுபடி போட வேண்டும்.

அளவுகோலே எனக்கு உறுத்துகிறது. 26 கிலோ மூட்டை லாரியிலிருந்து இறங்கி அப்படியே அடுத்த வண்டியில் ஏறிவிடும். இடத்தை அடைப்பதும் ஆளை வேலை வாங்குவதும் சின்னப் பைகள்தான். ஆனால் கடை வாடகையில் முக்கால் பங்கு பெரிய மூட்டைக்கென்று விற்பனைத் தொகை சொல்கிறது.

பிரிட்டனில் ஒரு சலுகை உண்டு. வரிவிலக்கு விற்பனைக்குச் சேரும் இன்புட் மாதச் சராசரியாக 625 பவுண்டுக்குள்ளும் மொத்த இன்புட்டில் பாதிக்குள்ளும் இருந்தால், முழுதையும் எடுத்துக்கொள்ளலாம். நம் சட்டத்தில் அப்படியொரு வரம்பு இல்லை. என்னைப் போன்ற மண்டிக்காரர்களுக்கு ஒரு தொகை வரை விட்டுவிடலாம். அதற்கு மனமில்லையென்றால் மாதாமாதம் வேண்டாம், வருஷத்துக்கு ஒருமுறை கணக்குப் போட விடலாம். அரசுக்குப் பெரிய நஷ்டம் வந்துவிடாது.

திரும்பக் கிடைக்காத 6,750 ரூபாயை நான் கைக்காசாகவா விடப்போகிறேன்? மூட்டை விலையில்தான் ஏற்றுகிறேன். “இதுக்கு ஜிஎஸ்டி இல்லதானேப்பா?” என்று கேட்டுவிட்டுத்தான் 26 கிலோ மூட்டையைத் தூக்குகிறார் பக்கத்துத் தெருப் பெரியவர்.

“இல்லைங்க ஐயா” என்று சொல்லி பில் போடுகிறேன்.